மருத்துவச் செலவுக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் புண் வராமல் தடுக்கும் திட்டம் சாக்கோட்டை ஒன்றியத்தில் கட்டுபடியாகுமா என்று ஆய்வேடு எழுதுகிறேன். பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்த ஒரு மெட்டா அனாலிசிஸில் ரிலேடிவ் ரிஸ்க் (திட்டத்தில் இருப்பவர்களின் இடர் ÷ இல்லாதவர்களின் இடர்) 0.75 (95% நம்பக இடைவெளி, அதாவது சராசரி விளைவு இருக்கக்கூடிய எல்லை, 0.62–0.91) என்றும், ‘ஆயிரம் பேரில் 50 புண்கள் தவிர்க்கப்படும்’ என்றும் இருக்கிறது. எதை எடுப்பது?
– மாணவி, காரைக்குடி

பதில்: 0.75-ஐ எடுங்கள், 50-ஐ விட்டுவிடுங்கள். அந்த ஆய்வுகளில் திட்டம் இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு 200 பேருக்குப் புண் வந்ததால் கிடைத்த எண் அது. உங்கள் ஒன்றியத்தில் 80 பேருக்குத்தான் வருகிறது என்றால், 0.75-ஆல் பெருக்க 60. தடுத்தது 20 மட்டுமே. தலைக்கு 2,000 ரூபாய் வீதம் ஆயிரம் பேருக்கு 20 லட்சம். ஒரு புண்ணைத் தடுக்க அங்கே 40,000 ரூபாய், இங்கே ஒரு லட்சம்! இடம் மாறினாலும் விகிதம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கழித்து வரும் எண் தாக்குப்பிடிக்காது. எனவே அடிப்படை இடரை (திட்டம் இல்லாதபோது புண் வரும் வாய்ப்பை) நம்மூர்ப் பதிவேட்டிலிருந்து எடுங்கள்.

அது ரிலேடிவ் ரிஸ்க்தானா, ஆட்ஸ் ரேஷியோவா என்று அட்டவணைத் தலைப்பை இன்னொரு முறை பாருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். அடிப்படை இடர் 40% என்றால் ஆட்ஸ் (புண் வரும் வாய்ப்பு ÷ வராத வாய்ப்பு) 0.4 ÷ 0.6 = 0.667. 0.75 என்பது ஆட்ஸ் ரேஷியோ என்றால், அதை 0.75-ஆல் பெருக்க 0.5. திரும்ப நிகழ்தகவாக்க 0.5 ÷ 1.5, அதாவது 33.3%. நேரே பெருக்கியவருக்கு 30% வரும். ஆயிரத்துக்கு 33 புண்கள் தடுக்காமலே தடுத்ததாகப் பேரேட்டில் ஏறிவிடும். இடர் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது.

புண் வரும் இடர் 5 ஆண்டில் 20% என்பதை ஆண்டுக்கு 4% என்று வகுக்கவும் கூடாது. கூட்டு வட்டி போட்டுப் பழகிய ஊருக்கு இது புதிதல்ல: 0.8-இன் ஐந்தாம் மூலத்தை 1-லிருந்து கழித்தால் 4.36%. 0.75 என்பது 5 ஆண்டுக்கான விகிதமாக இருந்தால், முதலில் 20 சதவீதத்தைப் பெருக்கி 15% ஆக்கிவிட்டு, அதன் பிறகே ஆண்டுக் கணக்குக்கு மாற்றுங்கள்.

கேள்வி: தொகுத்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆய்வுக்கு ஆய்வு விளைவு மாறலாம் என்று கொண்டு எடுக்கும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் சராசரியைப் போட்டால் போதுமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: போதாது. ஐ-ஸ்கொயர் என்ற எண், மொத்த மாறுபாட்டில் ஆய்வுகளுக்கிடையேயான உண்மை வேறுபாட்டின் பங்கைத்தான் காட்டும், அளவை அல்ல. ஆய்வுக்கு ஆய்வு விளைவு எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் டௌ மதிப்பைத் தேடி எடுங்கள். மேலே சொன்ன எண்களையே வைத்துக்கொள்வோம். லாக் அளவில் (மடக்கை எடுத்த பின்) திட்டப்பிழை, அதாவது சராசரியின் நிச்சயமின்மை: 0.91, 0.62 இரண்டின் இயல் மடக்கைகளுக்கு இடையேயான வித்தியாசம் ÷ 3.92 = 0.098. டௌ 0.2 என்றால், இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க 0.223. இதை வைத்துப் பார்த்தால் புதிய ஊரில் விளைவு சுமார் 0.49 முதல் 1.16 வரை எங்கும் இருக்கலாம் (1 என்றால் பலன் இல்லை). சராசரி நன்றாக இருந்தும் நம்மூரில் பலனே இல்லாமல் போகலாம். ஆய்வுகளின் எண்ணிக்கை குறைவென்றால் இடைவெளி இன்னும் அகலும். உணர்திறன் ஆய்வில் (எண்களை மாற்றிப் போட்டு முடிவு மாறுகிறதா என்று பார்ப்பதில்) ஓட்ட வேண்டிய பரவல் இதுதான். குறுகிய இடைவெளியை ஓட்டினால் படம் அழகாக வரும், அவ்வளவுதான்.

கேள்வி: செலவு–பயன் விகிதங்களையும் (கூடுதல் செலவு ÷ கூடுதல் பலன்) இப்படியே தொகுக்கலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கூடாது. விலை நாட்டுக்கு நாடு வேறு. அதோடு, செலவு குறைந்து பலன் கூடினாலும், செலவு கூடிப் பலன் குறைந்தாலும் விகிதம் மைனஸில்தான் வரும். படுக்கை நாள், கட்டு மாற்றிய தடவை போன்ற அளவுகளை மட்டும் வெளி ஆய்விலிருந்து எடுத்து, விலையை இங்கே போடுங்கள்.