டார்க் ரைடுகளில், அதாவது இருட்டான அரங்குக்குள் ஊர்தியில் அமர்ந்து காட்சிகளைக் கடந்து செல்லும் பூங்காச் சவாரிகளில், திரையும் செட்டும் ஒட்டும் இடம் சில சவாரிகளில் தெரிவதே இல்லை, சிலவற்றில் உறுத்துகிறது. ஏன்? படத்தின் தெளிவைக் கூட்டினால் சரியாகிவிடாதா?

தெளிவைக் கூட்டுவதால் மட்டும் சரியாகாது. மேடைகளுக்கும் கண்காட்சிகளுக்கும் புரொஜெக்டர் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பார்வையாளரின் கண் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. தான் நகரும்போது படத்துக்குள் இருப்பவை அதற்கேற்ப இடம் மாறுகின்றனவா என்பதையும், படத்தில் தெரியும் வெளிச்சம் பக்கத்தில் உள்ள செட்டின் மீதும் விழுகிறதா என்பதையும்தான் அது தன்னையறியாமல் சோதிக்கிறது. இந்த இரண்டில் ஒன்று பிசகினாலும், 4கே படம் கூடச் சுவரில் மாட்டிய படமாகவே தெரியும்.

முதலில் நகர்வைப் பார்ப்போம். ஊர்தி திரைக்கு இணையாக, 4 மீட்டர் தள்ளிச் செல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் 4 மீட்டர் தொலைவில் ஒரு கட்டடம் நிற்பதாகக் காட்ட வேண்டும். ஊர்தி 2 மீட்டர் நகர்ந்தால், அந்தக் கட்டடத்தின் உருவம் திரையின் மேல் அதே திசையில் 1 மீட்டர் நகர வேண்டும். கட்டடம் 36 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கற்பனை செய்திருந்தால் 1.8 மீட்டர் நகர வேண்டும். நிலவைப் போன்ற வெகுதூரப் பொருள் என்றால் ஊர்தியோடு சேர்ந்தே வர வேண்டும். திரையின் பரப்பிலேயே இருக்கும் பொருளுக்கு மட்டும் எந்தத் திருத்தமும் தேவையில்லை. அதை யார் எங்கிருந்து பார்த்தாலும் சரியாகவே தெரியும். கதவு, ஜன்னல், செங்கல் சுவர் போன்றவை செட்டிலிருந்து திரைக்குள் தொடரும் இடத்தைத் தேர்ந்த வடிவமைப்பாளர்கள் திரையின் பரப்புக்கு மிக அருகில் வைப்பதற்கு இதுவே காரணம்.

நகரும் ஊர்திக்காக இந்தக் கணக்கைப் படத்துக்குள்ளேயே செய்து காட்டிய சவாரி, 1999-இல் ஆர்லண்டோவின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் பூங்காவில் திறக்கப்பட்ட ஸ்பைடர்மேன் சவாரி. ஊர்தி செல்லும் பாதைக்கு ஏற்பப் படத்தின் கோணத்தோற்றத்தை (பர்ஸ்பெக்டிவ்) தொடர்ந்து வளைத்துக்கொண்டே போகும் அந்த உத்திக்கு அதை உருவாக்கியவர்கள் ‘ஸ்க்வின்ச்சிங்’ என்று பெயரிட்டார்கள். அந்தப் படத்தை அசையாமல் நின்று பார்த்தால் கட்டடங்கள் ரப்பரைப் போல இழுபடும். ஊர்தியில் அமர்ந்து பார்த்தால் நேராக நிற்கும். 2012-இல் அதன் படங்கள் டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டன. ஆனாலும் அந்தச் சவாரியின் உயிர் முதலிலிருந்தே இந்த வடிவியலில்தான் இருந்தது என்பது என் கருத்து.

இதில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. கணக்கை ஒரே ஓர் இருக்கைக்குத்தான் போட முடியும். அந்த இருக்கையிலிருந்து பக்கவாட்டில் 1.5 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு, மேலே சொன்ன கட்டடம் 75 சென்டிமீட்டர் இடம் தவறித் தெரியும். திரைக்கு முன்னால், பாதித் தூரத்தில் மிதப்பதாகக் காட்டும் பொருள் என்றால் பிசகு முழு 1.5 மீட்டர். முகத்துக்கு நேரே பாய்ந்து வரும் கையும் வாளும் விளம்பரத்தில் எடுபடலாம். ஆனால் ஓர இருக்கைக்காரருக்கு முதலில் கெடுவது அவைதான். கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியதை உண்மையாகவே கட்டி வைப்பதும், தொலைவைத் திரையிடம் விடுவதும் நல்லது.

2010-இல் வந்த ஹாரி பாட்டர் அண்ட் தி ஃபர்பிட்டன் ஜர்னி சவாரி இந்தச் சிக்கலை வேறு வழியில் கடந்தது. இயந்திரக் கை தூக்கிச் செல்லும் இருக்கைகளோடு குழிந்த திரையும் சேர்ந்தே சுழல்வதால், திரைக்கும் கண்ணுக்கும் இடையிலான உறவு அதிகம் மாறுவதில்லை. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் திரை பார்வையை முழுதாக அடைத்துக்கொள்கிறது. செட் அடுத்த அறையாக வருகிறது. அங்கே இரண்டும் மாறி மாறி வருகின்றன, கலப்பதில்லை.

அடுத்தது ஒளி. பெரும்பாலான சவாரிகள் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். முப்பரிமாணப் படத்துக்கு, குறிப்பிட்ட முறையில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் போலராய்டு வகைக் கண்ணாடி கொடுத்தால், திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே அந்தக் கண்ணாடிக்கு ஏற்ப ஒழுங்குபட்டிருப்பதால் பெருமளவு உள்ளே வந்துவிடும். செட்டின் மீதுள்ள சாதாரண விளக்கின் ஒளியோ பாதிக்கு மேல் தடுக்கப்படும். எனவே செட் மங்கித் தெரிகிறது. அதைச் சரிக்கட்ட விளக்கைக் கூட்டினால் அந்த வெளிச்சம் திரையில் கசிந்து, படத்தின் கறுப்பு சாம்பலாகிவிடும். போதாக்குறைக்கு இந்த வகைக் கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சுத் திரை வேண்டும். அதில் பார்க்கும் கோணத்தைப் பொறுத்துப் பிரகாசம் மாறுமாதலால், ஊர்தி நகர நகர ஒரு வெளிச்சத் திட்டு திரையில் ஊர்ந்து வருவதைக் கவனித்தவர்களால் பிறகு கவனிக்காமல் இருக்க முடியாது.

புரொஜெக்டரின் கறுப்பும் முழுக் கறுப்பல்ல. இருண்ட காட்சியில் திரை மட்டும் வெளிறிய செவ்வகமாக மிதக்கும். ஆகவே திரையின் ஓரத்தை இருட்டில் நேர்கோடாக முடிக்கக் கூடாது. தூண், உடைந்த சுவர், இலைகள் என ஒழுங்கற்ற எதையாவது முன்னே நிறுத்தி, அதன் விளிம்பில் மெல்லிய வெளிச்சம் விட வேண்டும். அந்த விளிம்பு திரையின் கறுப்பைவிடச் சற்றுப் பிரகாசமாக இருந்தால், சாம்பல் நிறமும் கண்ணுக்குக் கறுப்பாகவே படும். படத்தில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தால், அதே கணத்தில், அதே நிறத்தில், அதே திசையிலிருந்து செட்டின் மீதும் ஒளி பாய வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் மற்ற பல குறைகளைக் கண் மன்னித்துவிடும். ஷாங்காய் டிஸ்னிலாந்தில் 2016-இல் திறந்த கடற்கொள்ளையர் சவாரியின் மாபெரும் வளைதிரைகள் எடுபடுவதற்குத் தண்ணீரும் ஒரு காரணம். திரையின் ஒளி படகைச் சுற்றியுள்ள நீரில் விழுந்து அலைவதால், படத்துக்கும் இடத்துக்கும் இடையே தனியாக ஒரு கோடு போட முடிவதில்லை.

திரையே இல்லாமல் செட்டின் மீது நேரடியாகப் படத்தை வீசும் வழியும் இருக்கிறது. அது புதிதல்ல. 1969-இல் கலிஃபோர்னியாவில் திறந்த ஹான்டட் மேன்ஷனில், பாடகர்களின் முகங்களைப் படம்பிடித்து அசையாத மார்பளவுச் சிலைகளின் மீது வீசினார்கள், சிலைகள் பாடின. வடிவம் உண்மை, தோல் மட்டும் படம் என்பதால் அதை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் நகர்வுக் கணக்கு தானாகவே சரியாகிறது. 2020-இல் ஃபுளோரிடாவில் வந்த மிக்கி அண்ட் மின்னீஸ் ரன்அவே ரயில்வே இதையே முப்பரிமாணக் கண்ணாடி இல்லாமல், அறையளவுக்கு விரித்தது. கார்ட்டூன் உலகம் என்பது அங்கே பெரிய அனுகூலம். உண்மையான காடு அல்லது நகரத் தெருவுக்கு இதே உத்தி இவ்வளவு எளிதில் பொருந்தாது.

அதற்கான விலை பராமரிப்பில் வரும். தட்டைத் திரையில் புரொஜெக்டர் ஒரு விரற்கடை நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. செதுக்கிய செட்டின் மீது அதே அளவு நகர்ந்தால் கண்ணின் படம் கன்னத்தில் விழும். அதிர்வு, வெப்பம், தூசி என எல்லாமே இந்தப் பிசகை உண்டாக்கும். எனவே கேமரா வைத்துத் தானாகவே சீர்செய்யும் ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்க்காத சவாரியை, திறந்த வாரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பாருங்கள்.