மூன்று சுழியும் கரடித் தம்பியும்

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பயிற்சித்தாள்களை ‘பாலூ தம்பி’ எழுத்துருவில் அச்சிட்டுத் தருகிறேன், பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. அதே எழுத்தில் எங்கள் கோவிலின் தைப்பூச அறிவிப்பையும் செய்து கொடுத்தேன். “இது என்ன, மிட்டாய்க் கடை விளம்பரமா?” என்று பெரியவர்கள் திருப்பிவிட்டார்கள். விளையாட்டான எழுத்து தமிழுக்கு ஆகாதா?

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெரியவர்கள் மேல் கோபப்படாதீர்கள். 1998இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் ஓர் இடம் பின்னுக்குப் போனது என்று தெருவில் இறங்கி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்தவர்கள் நம் மொரீஷியஸ் தமிழர்கள். எழுத்து என்றால் நமக்கு உடம்பு சூடாகும்.

ஆனாலும் மிட்டாய்க் கடை என்றது அநியாயம். பாலூவை வடித்தது மும்பையின் ஏக் டைப் குழு. ‘ஜங்கிள் புக்’ கதையில் வரும் கரடியின் பெயரை வைத்து, ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சகோதரனைப் பெற்றுக் கொடுத்திருக்கிறார்கள்: நமக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், பஞ்சாபிக்குப் பாஜி. லத்தீன் எழுத்தில் சான்ஸ் செரிஃப் என்றால் கோட்டின் முனையில் நீளும் சிறு கால்கள் இல்லாதது. தமிழுக்கு அந்தக் கால்கள் பிறவியிலேயே கிடையாது. ஓலையில் கீறி வளர்ந்த எழுத்து ஏற்கெனவே உருண்டைதான். ஆகவே விளையாட்டுக் காட்ட விரும்புகிறவர் பெரும்பாலும் எழுத்தைக் கொழுக்க வைக்கிறார். வினையும் அங்கேதான்.

‘அண்ணன்’ என்ற சொல்லை மிகத் தடித்த பாலூவில் சிறிதாக அச்சிட்டு, ஒருமுறை நகலெடுத்துப் பாருங்கள். நான் எடுத்தேன். ணகரச் சுழிகளுக்குள் இருக்க வேண்டிய வெள்ளை முதலில் ஊசித்துளையாகி, நகலில் காணாமலே போனது. புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து எழுதிய என் பேத்தி ‘அன்னன்’ என்று எழுதினாள். “எண்ணித்தான் எழுதினேன் தாத்தா” என்றாள். பொய் சொல்லவில்லை.

சென்னைக் குழந்தை பஸ்ஸிலும் சுவரொட்டியிலும் கடைப் பலகையிலும் நாளெல்லாம் ணகரம் பார்க்கும். ஒன்று கெட்டால் இன்னொன்று திருத்திவிடும். கிரியோல் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியையும் கோவிலையும் விட்டால் தமிழ் எழுத்து கண்ணில் படுவது அரிது. உங்கள் பயிற்சித்தாளில் இருக்கும் மூன்று சுழிதான் அவர்களுக்கு மூன்று சுழி.

‘பாலூ தம்பி 2’ ஐந்து தடிமன்களில் இலவசமாகவே கிடைக்கிறது. பயிற்சித்தாளுக்கு எல்லாவற்றிலும் மெல்லியதை எடுத்து, எழுத்தைப் பெரிதாக வையுங்கள். பார்த்து எழுத வேண்டிய வரியை மட்டும் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். தலைப்பு எவ்வளவு கொழுத்தாலும் கெடுதல் இல்லை.

கோவில் அறிவிப்பு விஷயத்தில் நான் பாதி உங்கள் கட்சி. நம் சுவரொட்டிகளில் பிரெஞ்சு ஒரு வீட்டுப் பிள்ளையாகவும் தமிழ் வேறு வீட்டுப் பிள்ளையாகவும் நிற்கும். பாலூவில் பிரெஞ்சின் உச்சிக்குறிகள் (é, è போன்றவை) உட்பட இரண்டுக்கும் ஒரே உடல்வாகு. அது பெரிய வசதி. ஆனால் பூசை நேரத்தையும் விரத நாளையும் அந்தக் கனத்தில் போட்டால் படிக்க முடியாது. காமிக் சான்ஸ் என்ற கணினி எழுத்துருவின் கதை தெரிந்திருக்கும்: 1994இல் ஒரு கார்ட்டூன் நாயின் பேச்சைப் பார்த்துத் தோன்றிய எழுத்து அது, நாய்க்காக நினைத்த எழுத்தில் ஊரே பேசத் தொடங்கியபோதுதான் வசவு வந்தது.

அன்னதான வரியைத் தடிமனாகவே விடுங்கள். நேரப் பட்டியலை மட்டும் மெலிய வைத்து மறுபடி அச்சிட்டுக் கொண்டுபோங்கள், மிட்டாய்க் கடை என்றவரிடமே முதலில்.