மருத்துவமனையே நடத்தும் மருந்து ட்ரையலில் (நோயாளிகளிடம் மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனையில்) அப்பாவைச் சேர்க்கச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

என்ன நோய், என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று தெரியும். யாராவது ஒருவர் "நம்மள எலியா வெச்சுப் பாக்குறானுங்க" என்று ஆரம்பித்திருப்பார். எங்கள் வீட்டில் அது பெரிய மாமா. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அதனால்தான் இந்த நீளமான பதில்.

நான் டாக்டர் இல்லை. மருந்துக் கம்பெனி ஆளும் இல்லை. கமெண்டில் வந்து "எவ்வளவு வாங்கினாய்" என்று கேட்பவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா தையற்கடை வைத்திருந்தவர். மெஷினை மிதித்து மிதித்தோ, வயசாகியோ, இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், ஒரு காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் என்று முடிவானது. ஆபரேஷனுக்கு முன்னால் இளம் டாக்டர் ஒருவர் தாள்களோடு வந்தார். அவர்கள் மருத்துவமனையே ஒரு ஸ்டடி, அதாவது ட்ரையல், நடத்துகிறதாம். இந்த ஆபரேஷனில் ரத்தம் அதிகம் போகாமல் இருக்க டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தைக் கொடுப்பார்கள். புதுசு ஒன்றும் இல்லை, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமானால் பெண்களுக்கு எழுதிக்கொடுக்கிற அதே மருந்துதான். அதை ஊசியாகப் போடுவதா, மாத்திரையாகக் கொடுத்தாலே போதுமா என்பதுதான் கேள்வி.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் இருந்த அத்தனை பக்கத்தையும் படித்தார். அப்புறம் கேட்டார்: "இதுல சேரலைன்னா பெரிய டாக்டர்தானே ஆபரேஷன் பண்ணுவார்? இல்ல வேற ஆளா?" அவர்தான், எந்த மாற்றமும் இல்லை என்றார்கள். "காசு?" ஸ்டடிக்கான மருந்தும் கூடுதல் ரத்தப் பரிசோதனையும் அவர்கள் செலவு, ஆபரேஷன் செலவு நம்முடையது. "எனக்கு ஊசியா மாத்திரையான்னு நீங்கதான் முடிவு பண்ணுவீங்களா?" இல்லையாம், சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி கம்ப்யூட்டர்தான் பிரிக்குமாம். டாக்டரே தேர்ந்தெடுத்தால், உடம்பு பலவீனமானவர்களுக்கு எல்லாம் ஊசியைப் போட்டுவிடுவார், பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமே இருக்காது என்று விளக்கினார். அம்மா தலையாட்டினார். "தெரிஞ்சவங்க வந்தா நாமளும் நல்ல துணியாத்தானே எடுத்துப் போடுவோம்."

எல்லாருக்கும் மாத்திரையும் உண்டு, ஊசியும் உண்டு. இரண்டில் ஒன்று மருந்தே இல்லாத வெறும் டம்மி. எது டம்மி என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு மறுநாள் கையெழுத்துப் போட்டார். எட்டாவது வரை படித்தவர், அந்தக் கேள்விகளைக் கேட்டார் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

மருத்துவமனை எதற்கு இதையெல்லாம் தானே செய்கிறது என்று கேட்கலாம். மலிவான பழைய மருந்தைப் பற்றிய கேள்விக்குக் கம்பெனிகள் பணம் போடாது, அவ்வளவுதான். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஒரு ட்ரையல் நடத்தியது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனில் கத்தி வைப்பதற்குச் சில நிமிடம் முன்பு, கட்டியைச் சுற்றி லிக்னோகெயின் போட்டார்கள். பல் பிடுங்கும்போது மரத்துப்போகப் போடுகிறார்களே, அந்த மருந்து. இந்தியாவில் 11 மையங்கள், 1,600 பெண்கள். 2023இல் வெளியான முடிவுப்படி, ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் ஊசி போடாத பிரிவில் 86.4 சதவீதம், போட்ட பிரிவில் 90.1 சதவீதம். இதை எந்தக் கம்பெனி நடத்தும்?

அதற்காக எல்லா ட்ரையலும் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. 2009இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான) தடுப்பூசித் திட்டத்தில், விடுதியில் தங்கிப் படித்த சிறுமிகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டார்கள். மாமாவின் கோபத்துக்கு இந்த மாதிரிக் காரணங்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 2013இல் உச்ச நீதிமன்றம் ட்ரையல்கள் மீது பிடியை இறுக்கியது, 2019இல் புது விதிகளும் வந்தன.

என் கோபம் வேறு இடத்தில். ஸ்டடிக்காகத் திரும்ப வந்துபோகிற பேருந்துச் செலவை அம்மாவின் வங்கிக் கணக்கில் போடுவதாகச் சொன்னார்கள். சின்னத் தொகை. வங்கியோ, கணக்கு செயல்படவில்லை, கேஒய்சி கொண்டுவா என்றது. கொடுத்தோம். போட்டோ பழசு என்றது. பிறகு ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால் என்றது. புது மூட்டோடு வாக்கர் பிடித்து நிற்கிற பெண்மணியை, கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரத்தம் எடுக்கக் கையெழுத்துக் கேட்டுக் கெஞ்சுகிறார்கள், நம் பணத்தை நாம் எடுக்க நாம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும்.

சரி, உங்கள் விஷயம். அப்பா நினைவோடு தெளிவாக இருந்தால் கையெழுத்து அவர்தான் போட வேண்டும், நீங்கள் இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்றால், ட்ரையலோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். தாளின் பிரதி ஒன்று உங்களுக்கு வந்தாக வேண்டும். அதில் நெறிமுறைக் குழுவின் (நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்த்து ட்ரையலை அனுமதிக்கும் குழு) தொடர்பு எண் இருக்கும், அந்தக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களைப் பதிவு செய்கிற இணையப் பதிவேடு, அதன் பதிவு எண்ணையும் கேளுங்கள். அந்த இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசு இல்லாமல் தேடலாம்; யார் நடத்துகிறார்கள், எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள் என்று எல்லாம் இருக்கும்.

பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் யார் பொறுப்பு என்பதை வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். கம்பெனி இல்லாமல் மருத்துவமனையே நடத்தினால் அந்தப் பொறுப்பும் மருத்துவமனையுடையதுதான். நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை குறையாது என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். தாளை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, இப்பவே போடுங்கள் என்று அவசரப்படுத்தினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: ஸ்டடி முடிந்ததும் முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா? அம்மாவுக்குக் கிடைத்தது ஊசியா மாத்திரையா என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பதிவு எண் கிடைத்தால் கமெண்டில் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம். அப்பா பெயரையும் ரிப்போர்ட்டையும் மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.