ஒரே ஒரு புகைப்படத்தை வைத்து அரசியல் படம் எடுக்க முடியுமா?

முடியும். 1972-இல் பிரெஞ்சு இயக்குநர்கள் கோதாரும் ஜான்-பியர் கோரனும் எடுத்த ‘லெட்டர் டு ஜேன்’ அப்படிப்பட்டதுதான். சுமார் 52 நிமிடம். வியட்நாம் போரின்போது, அந்தப் போரை எதிர்த்து வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்குப் போன அமெரிக்க நடிகை ஜேன் ஃபோண்டாவின் புகைப்படம் ஒன்று ‘லெக்ஸ்பிரஸ்’ என்ற பிரெஞ்சு வார இதழில் வந்தது. திரையில் பெரும்பாலும் அதுதான். பின்னணியில் இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். கேமரா ஏன் கீழிருந்து பார்க்கிறது? நட்சத்திரத்தின் முகம் பளிச்சென்று இருக்க, பின்னால் நிற்கும் வியட்நாமியரின் முகம் ஏன் மங்கலாக இருக்கிறது? போராடுபவரை விட, அவருக்காக வருத்தப்படுபவர் பெரிதாகிவிட்டாரே என்பதுதான் அவர்கள் வாதம். யாருக்கு ஃபோகஸ் என்பதே அங்கே அரசியல் ஆகிவிடுகிறது.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. ஜேனுக்குப் பதில் சொல்ல இடமே தரவில்லை. இரண்டு ஆண்கள் உட்கார்ந்து ஒரு பெண்ணின் முகபாவத்துக்கு மார்க் போடுவது எனக்கு உறுத்தத்தான் செய்தது.