புதுக் கம்பனிப் பங்கு: எத்தனை வருடக் குத்தகைக் காசு?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, திருக்கோவிலில் இருக்கிறேன். பணிக்கொடையில் மிஞ்சிய காசு நிலையான வைப்பில் கிடக்கிறது. அண்மையில் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு வந்த ஒரு சமூக ஊடகக் கம்பனியின் பங்கை வாங்கச் சொல்லி லண்டனில் இருக்கும் தம்பி நச்சரிக்கிறான். முதல் நாளே விலை எகிறிவிட்டது. கம்பனி இன்னும் லாபம் காணவில்லையாம். கல்முனையில் ஒருவர் பழைய வெளியீட்டு விலைக்கே (சந்தையில் வியாபாரம் தொடங்குமுன் பங்கை விற்ற விலை) எடுத்துத் தருவதாகச் சொல்லி 25 ஆயிரம் ரூபாய் முற்பணமும் வாங்கிவிட்டார். இந்த விலை நியாயமா, அதிகமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டீச்சர், கம்பனியின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே போடவில்லை. போட்டால் நாளைக்கே பத்துப் பேர் ‘ஐயா சொன்னார்’ என்று வாங்குவார்கள், பத்துப் பேர் விற்பார்கள். கணக்கை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன், எண்களை நீங்களே போட்டுப் பாருங்கள். பெருக்கலும் வகுத்தலும் போதும்.

முதலில் ஒரு பங்கின் விலையை மறந்துவிடுங்கள். ‘அந்தக் கம்பனி 300 டொலர், இது 38தானே, மலிவு’ என்று உங்கள் தம்பி சொல்லியிருப்பார். ஒரு வளவின் விலையைப் பேர்ச் கணக்கில் சொன்னால் மலிவாகக் கேட்கும், ஏக்கர் கணக்கில் சொன்னால் நெஞ்சு பதறும். வளவு என்னவோ ஒன்றுதான். ஒரு பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். வருவதுதான் முழுக் கம்பனிக்கும் சந்தை கேட்கும் விலை.

இனி வயலுக்கு வாருங்கள். சம்மாந்துறைப் பக்கம் ஒரு ஏக்கர் 15 இலட்சம் என்கிறார்கள் என்று வைப்போம். குத்தகைக்கு விட்டால் இரண்டு போகமும் சேர்த்து வருடம் 60 ஆயிரம் கிடைக்கும் என்றால், 25 வருடக் குத்தகைக் காசை இன்றைக்கே எண்ணிக் கொடுக்கிறீர்கள். (எண்கள் கணக்குக்காக மட்டும். இந்த விலைக்கு வயல் தேடி என்னிடம் வராதீர்கள்.) வாய்க்கால் வரப்போகிறது, விளைச்சல் கூடும் என்றால் 25 வருடம் கொடுக்கலாம். வாய்க்காலும் இல்லை, வெள்ளம் நிற்கிற பள்ளக்காணி என்றால் பத்து வருடமே அதிகம். பங்கில் வயல் விலைக்குப் பதில் முழுக் கம்பனியின் விலை, குத்தகைக்குப் பதில் வருட லாபம். பங்குக்காரர் இதைத்தான் ஆயிரம் பெயர் வைத்துச் சொல்கிறார்கள்.

பேஸ்புக் 2012 மே 18ஆம் திகதி ஒரு பங்கு 38 டொலருக்குச் சந்தைக்கு வந்தது. முழுக் கம்பனிக்கும் 104 பில்லியன் டொலர். அதற்கு முந்திய வருட லாபம் ஒரு பில்லியன். அதாவது 104 வருடக் குத்தகை! அந்த வருடம் செப்டம்பர் தொடக்கத்தில் பங்கு 18 டொலருக்கும் கீழே கிடந்தது. 38ஐத் திரும்பத் தொட ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. பிற்பாடு அது பல மடங்கு ஏறியது உண்மைதான். ஆனால் பொறுத்திருந்து பாதி விலைக்கு வாங்கியவரும் அதே ஏற்றத்தில்தான் ஏறினார்.

லாபமே இல்லாத கம்பனிக்கு என்ன செய்வது? விற்பனையோடு ஒப்பிடுவார்கள். விற்பனை என்பது குத்தகைக் காசு அல்ல, களத்தில் குவிந்த மொத்த நெல். உழவு, பசளை, வெட்டுக் கூலி எதுவும் இன்னும் கழியவில்லை. ஸ்னாப்சட்டை நடத்தும் ஸ்னாப் 2017 மார்ச்சில் 17 டொலருக்கு வந்தபோது முழு விலை ஏறத்தாழ 24 பில்லியன். முந்திய வருட விற்பனை சுமார் 40 கோடி டொலர், நட்டம் 51 கோடி டொலருக்கு மேல். ஏறத்தாழ 60 வருட மொத்த நெல்லை முன்காசாகக் கேட்டார்கள். அதுவும் விதைத்ததைவிடக் குறைவாக விளைகிற வயலுக்கு! முதல் நாள் மாலை பங்கு 24 டொலரைத் தாண்டி நின்றது, 2018 டிசம்பரில் 6 டொலருக்கும் கீழே கிடந்தது. அந்தப் பங்கில் வாக்குரிமையும் கிடையாது. திருவிழாவுக்கு நிதி கொடுக்கலாம், வண்ணக்கர் (கோயில் நிர்வாகி) தெரிவில் கையுயர்த்த முடியாது என்கிற மாதிரி.

லாபமில்லாத கம்பனியைப் பணிக்கொடைக் காசில் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. இதற்கு விதிவிலக்குச் சொல்லிக்கொண்டு நாலு பேர் வருவார்கள். வரட்டும்.

சமூக ஊடகக் கம்பனிக்கு மட்டும் பொருந்தும் ஒரு சங்கதி உண்டு. ‘இத்தனை கோடிப் பேர் பாவிக்கிறார்கள்’ என்று தலைக் கணக்குக் காட்டுவார்கள். காசு தலையில் இல்லை, விளம்பரத்தில் இருக்கிறது. 2012 கடைசிக் காலாண்டில் பேஸ்புக்குக்கு அமெரிக்கா, கனடாப் பாவனையாளர் ஒருவர் மூலம் நாலு டொலருக்கு மேல் வந்தது. ஆசியாவில் ஒருவர் மூலம் ஒரு டொலர்கூட வரவில்லை. நீங்களும் நானும் பஸ்ஸுக்கு நிற்கிற நேரமெல்லாம் விரல் தேய்ப்பதில் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஆகவே பாவனையாளர் கூடியிருக்கிறார்கள் என்றால் எந்த நாட்டில் என்று பாருங்கள். காசு வருகிற நாட்டில் எண்ணிக்கை அப்படியே நின்று நம்மைப் போன்ற இடங்களில் மட்டும் ஏறினால், அந்த வளர்ச்சியை நான் பாதியாகத்தான் எடுப்பேன்.

இதெல்லாம் கம்பனி அமெரிக்கப் பங்கு ஆணைக்குழுவுக்குக் கொடுக்கும் பதிவு ஆவணத்தில் இருக்கிறது. இணையத்தில் இலவசம். நூற்றுக்கணக்கான பக்கம், படிக்கச் சொல்லவில்லை. ‘அபாயங்கள்’ என்ற பகுதியை மட்டும் ஆங்கிலம் தெரிந்த யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். விளம்பரத்தில் சொல்லாததை வக்கீலுக்குப் பயந்து அங்கே சொல்லியிருப்பார்கள். பாவனையாளர் கைபேசிக்கு மாறுகிறார்கள், அந்த வேகத்துக்கு விளம்பரம் கூடவில்லை என்று பேஸ்புக் சந்தைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்னரே எழுதிக் கொடுத்தது. எத்தனை பேர் பார்த்தார்கள்?

பங்குகளின் எண்ணிக்கையை எடுக்கும்போது ஊழியருக்குத் தருவதாக வாக்களித்த பங்குகளையும் சேர்த்த எண்ணிக்கையை எடுங்கள். போடியார் (வயற்சொந்தக்காரர்) முல்லைக்காரருக்கு (வயலில் வேலை செய்பவருக்கு) பேசிவிட்ட மூட்டைகளைக் கழிக்காமல் களத்தில் நெல்லை எண்ணினால் யாருக்கு நட்டம்?

சரி, எப்போது வாங்கலாம்? கம்பனிக்குள் இருப்பவர்களும் பழைய முதலீட்டாளர்களும் தங்கள் பங்கை உடனே விற்க முடியாது. வழக்கமாக ஆறு மாதம் அளவுக்குப் பூட்டு. லொக்-அப் என்பார்கள். பூட்டுத் திறந்ததும் விற்கிறவர் கூடுவார்கள், விலை இறங்கும். ஆகவே அதுவரை பொறுங்கள் என்பதுதான் பொது விதி.

இந்த விதிக்கு மட்டும் ஒரு விலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை வைத்தே என்னோடு சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. பேஸ்புக்கின் முதல் பூட்டு 2012 ஓகஸ்ட் 16இல் திறந்தது. அன்று பங்கு 6 வீதம் விழுந்து 20 டொலருக்குக் கீழே போனது. விதி பலித்தது. பெரிய பூட்டு நவம்பர் 14இல் திறந்தது, சுமார் 80 கோடிப் பங்குகள். எல்லாரும் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அன்று பங்கு 12 வீதத்துக்கு மேல் ஏறியது! காரணம் விளங்கிக்கொள்ளக் கஷ்டமில்லை. திறக்கும் நாள் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். பயந்தவர்கள் முன்னரே விற்று முடித்திருந்தார்கள். விலை விழும் என்று பந்தயம் கட்டி, இரவல் பங்கை விற்றவர்கள் திரும்ப வாங்க ஓடினார்கள். அதோடு, விளம்பர வருமானத்தில் 14 வீதம் கைபேசியிலிருந்து வருகிறது என்று அக்டோபர் கடைசியில் வெளியான காலாண்டு அறிக்கை காட்டியிருந்தது. கைபேசிப் பயம் தணிந்திருந்தது. ஆகவே பூட்டுத் திறக்கும் திகதிக்கு நாட்காட்டியில் வட்டம் போட்டுவிட்டு அடுத்த நாள் காலை வாங்க ஓடுவது அல்ல பொறுமை. இரண்டு காலாண்டு அறிக்கையாவது வரட்டும். பூட்டும் திறக்கட்டும். பிறகு அந்த ‘எத்தனை வருடம்’ கணக்கைத் திரும்பப் போடுங்கள். விலை அப்போது கூடியே இருந்தாலும், தெரிந்து கொடுக்கிற விலை அது.

அப்புறம் உங்கள் கல்முனைக்காரர். உண்மையில் இவரைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிலை எடுத்தேன்.

‘வெளியீட்டு விலைக்கே எடுத்துத் தருகிறேன்’ என்கிறாராம். வெளியீட்டு விலை என்பது முதல் பந்தி. அதில் பெரிய நிதியங்களும் வங்கிகளின் வேண்டப்பட்ட வாடிக்கையாளரும்தான் அதிகம் உட்காருவார்கள். சந்தை திறந்த பிறகு வருபவர் திறந்த விலைக்குத்தான் வாங்க வேண்டும். ட்விட்டர் 2013 நவம்பரில் 26 டொலருக்கு வெளியிடப்பட்டது. முதல் நாள் முடிவில் 44.90. அன்று செய்தியைப் பார்த்து வாங்கப் போனவர் 44க்கோ அதற்கு மேலோதான் வாங்கினார். 2022இல் ஈலோன் மஸ்க் முழுக் கம்பனியையும் வாங்கியபோது கொடுத்த விலை 54.20. ஒன்பது வருடத்துக்கு அவ்வளவுதான் கூலி. முதல் பந்தியிலேயே இவ்வளவு ஓரவஞ்சனை என்றால், பட்டியலாகி வாரக்கணக்கான பிறகு கல்முனையில் ஒருவர் கையில் வெளியீட்டு விலைப் பங்கு எங்கிருந்து வரும்?

அமெரிக்காவிலும் ஒன்றும் வாழவில்லை. பேஸ்புக் வெளியீட்டின்போது வருமான மதிப்பீட்டைக் குறைத்த சேதி பெரிய முதலீட்டாளருக்கு எட்டியது, சில்லறை ஆளுக்கு எட்டவில்லை. அந்த விவகாரத்தில் வெளியீட்டை முன்னின்று நடத்திய வங்கியான மோர்கன் ஸ்டான்லி மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு 5 மில்லியன் டொலர் தண்டம் கட்டியது. அவர்களுக்கு அது தேநீர்க் காசு.

நீங்கள் அனுப்பிய ‘பங்குச் சான்றிதழ்’ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொன்னிறக் கரை, ஊதா நிற வட்ட முத்திரை, கீழே ஒரு கிறுக்கல். உங்கள் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று இருக்கிறது. மற்ற எழுத்தெல்லாம் ஒரு வகை, உங்கள் பெயர் மட்டும் வேறு வகை எழுத்தில், சற்றுச் சரிந்து நிற்கிறது. இன்றைக்கு அமெரிக்கப் பங்கு வாங்குகிறவருக்குத் தரகர் கணக்கில் ஒரு வரி பதிவாகும், அவ்வளவுதான். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற கடதாசி இப்போது அநேகமாக யாரும் தருவதில்லை. மீதிக் காசைப் போடச் சொன்ன கணக்கு தனியாள் ஒருவரின் சேமிப்புக் கணக்கு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த ஆட்கள் பெரும்பாலும் ஒரே அச்சு. வட்ஸ்அப் குழு இருக்கும். கைபேசிச் செயலியில் உங்கள் காசு தினமும் பச்சையில் ஏறும். சின்னத் தொகை ஒன்றை மீளத் தந்து நம்ப வைப்பார்கள். பெரிய தொகையைக் கேட்டால் ‘முதலில் வரி கட்டுங்கள்’ என்பார்கள். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கொமிஷன் என்பார்கள். கொமிஷனுக்கு ஆசைப்பட்டு உங்களோடு படிப்பித்த டீச்சர்மாரைச் சேர்த்துவிடாதீர்கள். இப்படி ஆளுக்கு ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் வங்கிச் சட்டத்தின்படி குற்றம். பெயர்க் குழப்பத்தையும் பாருங்கள். ட்விட்டர் சந்தைக்கு வருமுன்னரே, 2013 அக்டோபரில், ட்வீட்டர் என்ற வங்குரோத்தான ஒரு மின்சாதனக் கடையின் செல்லாக்காசுப் பங்கை ஆட்கள் மாறி வாங்கி, ஒரே நாளில் பல மடங்கு ஏற்றினார்கள். அமெரிக்கனுக்கே அந்தக் கதி.

தம்பி மூலம் வாங்குவது வேறு விசயம். அவர் அங்கே தன் காசில் தன் பெயரில் வாங்கினால் அது அவர் பாடு. ஆனால் ‘அக்கா, நீங்கள் இங்கே மாமியிடம் ரூபாயைக் கொடுங்கள், நான் அங்கே பவுணில் போடுகிறேன்’ என்றால் அதற்குப் பெயர் உண்டியல், வங்கிக்கு வெளியே நடக்கும் சட்டவிரோதக் காசு மாற்று. பங்கும் உங்கள் பெயரில் இருக்காது, காசு போன தடமும் இருக்காது. நாளைக்கு அக்கா தம்பிக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தால் எந்தக் கடதாசியைக் காட்டுவீர்கள்?

முறைப்படி இங்கிருந்து வெளிநாட்டுப் பங்கு வாங்க வங்கியில் வெளிமுக முதலீட்டுக் கணக்கு வேண்டும். 2017இன் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அதற்கு விதி இருக்கிறது, உச்சவரம்பு அடிக்கடி மாறும். தெரிந்த ஒருவருக்காக மட்டக்களப்பில் ஒரு வங்கிக் கிளைக்கு நானே கூடப் போனேன். மூன்று மேசை மாறினோம். மூன்றாவது மேசைப் பிள்ளை கணக்கின் பெயரையே என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு, ‘கொழும்பைக் கேட்டுச் சொல்கிறோம் சேர்’ என்றது. அந்தக் கொழும்பு இன்னும் பதில் சொல்லவில்லை. நேர்வழியை இப்படி முள்ளடைத்து வைத்துவிட்டு, ஆட்கள் ஏமாந்த பிறகு பேப்பரின் மூலையில் எச்சரிக்கை போடுகிறார்கள். கல்முனைக்காரர் வீட்டுக்கே வந்து தேநீர் குடித்துத் தமிழில் விளக்குகிறார். யாரிடம் சனம் போகும்?

நிலையான வைப்பை உடைக்காதீர்கள். மீதிக் காசுக்கு அவர் நாளைக்கும் அழைப்பார், ‘இன்றைக்குக் கடைசி நாள்’ என்பார். எடுக்க வேண்டாம். முற்பணத்துக்கு அவர் எழுதித் தந்த துண்டு, வட்ஸ்அப் உரையாடல், அந்தச் சான்றிதழ், கணக்கு இலக்கம் நான்கையும் பிரதி எடுத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். வெட்கப்பட்டு அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள் டீச்சர், வழக்கென்று வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.