டிப்பரில் மூன்று கியூப், வளவில் இரண்டு கியூப்

கேள்வி: வீட்டோடு ஓர் அறை கூட்டிக் கட்டுகிறோம். தரகர் ஒருவர் மூலம் மூன்று கியூப் ஆற்று மணல் எடுத்தோம். ஏ.எல். படிக்கும் மகன் டிப்பரில் ஏறி உட்புறத்தை அளந்தான். நீளம் 10 அடி 6 அங்குலம், அகலம் 6 அடி 9 அங்குலம், மணலின் உயரம் 3 அடி 9 அங்குலம். கணக்கில் 2.85 கியூப் வந்தது. கொஞ்சம்தானே குறைகிறது என்று முழுக் காசையும் கொடுத்துவிட்டோம். ஒரு கிழமை கழித்து மேசன் வந்து பார்த்து, இதில் இரண்டுக்கு மேல் தேறாது என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, உப்புவெளி

பதில்: மகன் கல்குலேட்டரில் 10.6, 6.9, 3.9 என்று அடித்திருக்கிறான். நீங்கள் அதை எழுதவில்லை. ஆனால் அப்படி அடித்தால்தான் 2.85 வரும்.

அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து அல்ல. 6 அங்குலம் அரை அடி, அதாவது 0.5. 9 அங்குலம் முக்கால் அடி, 0.75. ஆகவே 10.5 × 6.75 × 3.75. விடை ஏறக்குறைய 266 கன அடி. நம் ஊரில் ஒரு கியூப் என்பது 100 கன அடி என்பதால் உங்களுக்கு வந்தது 2.66 கியூப். புள்ளியை வைத்த இடத்தில் மட்டும் 20 கன அடி மணல் காற்றோடு போயிற்று. பிள்ளையை ஏசாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் 7 அடி 8 அங்குலத்தை 7.8 என்று எழுதிக் கொடுத்து, மேலதிகாரி நோட்டைத் திருப்பி எறிந்தபோது என்ன பிழை என்றே விளங்காமல் நின்றவன்தான். 11 அங்குலத்தை .11 என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கணக்கு மறுபக்கம் சரியும்.

டேப்பின் மற்றப் பக்கத்தைத் திருப்பினால் இந்தத் தொல்லையே இல்லை. 3.20 × 2.06 × 1.14 மீற்றர், 7.5 கன மீற்றர். கியூப்புக்கு 2.83 கன மீற்றர், வகுத்தால் அதே 2.66. ஆனால் யார் கேட்கிறார்கள்? வரைபடம் மில்லிமீற்றரில், மேசன் அடியில், மணல் கியூப்பில், காணி பேர்ச்சில். மீன் சந்தைத் தராசுக்கு வருடா வருடம் முத்திரை குத்த அரசாங்கத்தில் ஒரு திணைக்களம் இருக்கிறது. அதே தெருவில் ஓடும் டிப்பரின் பெட்டி எவ்வளவு பிடிக்கும் என்று அதன் பக்கப் பலகையில் எழுதி வைக்க ஆளில்லை. ஒரு கிலோ கீரிமீனுக்கு உள்ள பாதுகாப்பு ஒரு லோட் மணலுக்கு இல்லை.

அந்த 'லோட்' என்ற சொல்லில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். லோட் ஓர் அளவு அல்ல. போனில் மூன்று கியூப் என்பார், வாசலில் வந்து நின்றதும் ஒரு லோட் என்பார், காசு வாங்கும்போது மறுபடி மூன்று கியூப். நடுவில் குவித்து மூலைகளைப் பள்ளமாக விடுவார்கள். குவியலின் உச்சியில் டேப்பைப் பிடித்து உயரம் காட்டுவார்கள். கேட்டால் பெர்மிட்டை நீட்டுவார்கள். பெர்மிட் மணல் ஏற்றிப் போக அனுமதி. பெட்டிக்குள் விழுந்தது எவ்வளவு என்பதற்கு அது சான்று ஆகாது. அடுத்த முறை கொட்டுவதற்கு முன், காசு கொடுப்பதற்கு முன், ஒரு பலகையால் மணலை மட்டம் தட்டச் சொல்லுங்கள். கம்பி ஒன்றைத் தரை தட்டும்வரை குத்தி, நாலு மூலையிலும் நடுவிலும் உயரம் எடுத்து, ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுக்க வேண்டும். தட்டமாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். கொட்டிய பிறகு யாரோடும் வழக்குப் பேச முடியாது.

சரி, 2.66 வந்தது. மேசனுக்கு ஏன் இரண்டு தெரிகிறது? இங்கே மட்டும் யாரும் களவெடுக்கவில்லை. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழும் பக்கத்திலிருந்து வரும் மணல் ஈரமாகவே ஏறும். புட்டுக்கு மாவில் தண்ணீர் தெளித்துப் பிசறும்போது மா பொலபொலவென்று உயருமே, அதே கதை. மணிக்கும் மணிக்கும் நடுவே நீர்ப்படலம் நின்று அவற்றை நெருங்கவிடாது. லேசான ஈரத்தில் நுண்மணல் கால்பங்கு, சிலவேளை அதற்கு மேலும் உப்பும். காய்ந்தால் இறங்கும். வேடிக்கை என்னவென்றால், முழுக்க நீரில் மூழ்கினாலும் இறங்கும். அரைகுறை ஈரம்தான் ஏமாற்றும். நேராக நிற்கும் போத்தல் ஒன்றில் ஈர மணலை அமுக்காமல் 5 அங்குலத்துக்கு நிரப்புங்கள். வெளியே கொட்டி, போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் குச்சியால் கிளறி அடங்கவிடுங்கள். 4 அங்குலத்தில் நின்றால், மணல் கால்பங்கு உப்பியிருந்தது. 2.66ஐ 1.25ஆல் வகுத்தால் 2.13. மேசனின் கண் மோசமில்லை.

இதைப் பூச்சு வேலைக்கும் சொல்லிவிடுங்கள். சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து என்று ஈர மணலைப் பெட்டியில் அளந்தால் உண்மையில் விழுவது ஒன்றுக்கு நாலு. சீமெந்து வீணாகும், சுவரில் மயிர்க்கோடாக வெடிப்பும் வரும். கொங்கிறீற்றுக்குப் போடும் முக்கால் அங்குலக் கல்லுக்கு இந்தக் கணக்கு வேண்டாம், அது உப்பாது.

தரகரிடம் 34 கன அடிக்குரிய காசைத் திருப்பிக் கேளுங்கள். மேசன் சொன்ன இரண்டைப் பற்றி அவரிடம் வாயே திறக்காதீர்கள். அந்த மிச்சம் தண்ணீர் செய்த வேலை, அதைப் பிடித்துக்கொண்டு உண்மையில் தர வேண்டியதையும் மழுப்பிவிடுவார்.