ஆறரை மணிக்கு பைக்கை எடுப்பது யார்?

கேள்வி: என் கணவருக்கு 34 வயது. 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்று போன வருடம் சொன்னார்கள். அவருடைய தாய்மாமாவுக்கும் இருந்ததாம். பேப்பர் படிக்கிறார், ஆபீஸ் போகிறார், இருட்டினால்தான் தடுமாற்றம். டியூஷன் முடிந்து ஆறரை மணிக்கு எங்கள் எட்டு வயது மகளை பைக்கில் கூட்டி வருவதை மட்டும் விட மாட்டேன் என்கிறார். மனசு கஷ்டப்படுமே என்று நானும் ஒன்றும் சொல்வதில்லை. பார்வை முழுசாகப் போக எத்தனை வருடமாகும்? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: எத்தனை வருடம் என்று எந்த டாக்டரும் நாள் குறித்துத் தர மாட்டார். அது இருக்கட்டும். போகிற போக்கில் ஒரு பைக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்பது கண்ணுக்குள் வெளிச்சத்தை உணரும் படலமான விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் பரம்பரை நோய். இதில் முதலில் அழிவது விழித்திரையின் கோல் செல்கள். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதும், ஓரப் பார்வையும் அவற்றின் வேலை. நேர்ப் பார்வைக்கான கூம்பு செல்கள் பல வருடம் தாக்குப்பிடிக்கும். அதனால் கண் டெஸ்ட்டில் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார். சந்திலிருந்து குறுக்கே வரும் சைக்கிள் மட்டும் தெரியாது. தெரியாத இடம் கறுப்பாகவும் தெரியாது, மூளையே எதையாவது போட்டு நிரப்பிவிடும். "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்று அவர் சொல்வது பொய்யில்லை. பயப்பட வேண்டியதே அதற்குத்தான். எதிர் ஹெட்லைட் கண்ணில் அடித்தால் அவருக்குப் பார்வை தெளிய மற்றவர்களைவிட நேரமாகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போய்விடும்.

அவர் மனசு கஷ்டப்படுமாம்! பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவளை நினைத்தீர்களா? புருஷன் மனம் கோணாமல் நடப்பதெல்லாம் பிள்ளையின் உயிருக்கு அப்புறம்தான். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

சாயங்கால வண்டி இன்றே நிற்க வேண்டும். சாவியை ஒளித்து வைக்காதீர்கள், அது அவரைச் சின்னப் பையனாக்கும் வேலை. சுற்றிலும் எவ்வளவு தூரம் பார்வை எட்டுகிறது என்று அளக்கும் 'விஷுவல் ஃபீல்டு' டெஸ்ட் எடுத்து, இருவருமாகப் போய் உட்கார்ந்து, "இரண்டு கண்ணும் சேர்த்து எத்தனை டிகிரி மிச்சம்? பகலிலாவது வண்டி ஓட்டலாமா?" என்று கேளுங்கள். சாதாரணமாகப் பக்கவாட்டில் 180 டிகிரி அளவுக்குத் தெரியும். அவருடைய எண்ணை டாக்டர் வாயால் அவரே கேட்கட்டும். மகளைக் கூட்டி வரும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால், உங்கள் வேலை ஒன்றை அவரிடம் கொடுங்கள். அப்பா என்ற இடம் காலியாகக் கூடாது.

வீட்டில் கதவுகள் முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லையென்றால் மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவின் விளிம்புதான் நெற்றியைப் பிளக்கும். படி விளிம்புகளில் பளிச்சென்ற டேப் ஒட்டுங்கள். வெளியே போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் உங்கள் முழங்கையைப் பிடித்து அரை எட்டு பின்னால் வரட்டும்.

'எப்படியும் போகப்போகிற கண்தானே' என்று செக்கப்பை நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். இந்த நோயோடு கண்புரையும், விழித்திரை நடுவில் நீர் கோத்த வீக்கமும் வரலாம். புரைக்கு ஆபரேஷன் உண்டு, வீக்கத்துக்குச் சொட்டு மருந்தோ மாத்திரையோ உண்டு. வருடம் ஒருமுறை, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுங்கள். வைட்டமின் ஏ மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். சில மரபணுக் கோளாறுகளில் அது விழித்திரையை இன்னும் கெடுக்கும்.

இன்னொரு குழந்தையைப் பற்றி, அவருடைய மரபணுப் பரிசோதனை முடிவு வந்த பிறகு யோசியுங்கள். தாய்மாமாவுக்கு இருந்தது என்பதால் எக்ஸ் குரோமோசோம் வழி வந்திருக்க வாய்ப்புண்டு. அப்பாவின் எக்ஸ் மகள்களுக்கு மட்டுமே போகும். அப்படியானால் மகன் பிறந்தால் அப்பாவிடமிருந்து அவனுக்கு வராது; மகள்கள் எல்லோரும் அந்த மரபணுவைச் சுமப்பார்கள், சிலருக்குப் பார்வையும் பாதிக்கப்படலாம். வேறு வழியில் வந்திருந்தால் கணக்கே வேறு. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மரபணு சிகிச்சை 'ஆர்பிஇ65' என்ற ஒரே மரபணுவுக்கானது. அதற்கும் இந்த முடிவு கையில் வேண்டும்.

உங்கள் கணவருக்கு அக்கா, தங்கை இருந்தால் அந்த முடிவை அவர்களிடம் அவரே சொல்லட்டும். அவர்கள் வயிற்றில் பிறக்கும் பிள்ளைகள் சம்பந்தப்பட்டது. மறைக்க உங்கள் இருவருக்கும் உரிமையில்லை.